டவுனுக்குப் போன குழாய்

கொக்கலாங்குளத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்காமல் அந்த ஊருக்குள் யாரும் நுழைய முடியாது. அவ்வளவு உயரம். எல்லா ஊர்த் தொட்டிகளிலும் எழுதியிருப்பதுபோல அதன் வயிற்றிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். தொட்டியைக் கடைசியாகச் சுத்தம் செய்தது எந்தத் தேதி, அடுத்துச் செய்யப்போவது எந்தத் தேதி என்கிற விவரம். மற்ற ஊர்களில் மாதாமாதம் ஆள் ஏறி, பழைய தேதியை அழித்து, புதுத் தேதியை எழுதிவிட்டு இறங்குவார்கள். கொக்கலாங்குளத்தில் அந்தச் சிரமம் கிடையாது. அங்கே இப்படி இருந்தது:

"கடைசியாகச் சுத்தம் செய்த நாள்: நேற்று. அடுத்துச் சுத்தம் செய்யும் நாள்: நாளை."

எழுதியவர் பேரூராட்சிக் குடிநீர்ப் பிரிவு மேஸ்திரி இசக்கியப்பன். "தேதி எழுதணும்னு சொன்னாங்க. எந்தத் தேதியில படிச்சாலும் சரியா இருக்கிற மாதிரி எழுதியாச்சு," என்பார். இன்றைக்கு வேலை இல்லை என்ற சேதியும் அதிலேயே அடங்கிவிட்டதை அவர் யோசிக்கவில்லை.

அவருக்குக் கீழே இரண்டு பேர். ஒருவர் வெள்ளைத்துரை. தெருத் தெருவாகப் போய் வால்வைத் திறந்து தண்ணீர் விடுவது அவர் வேலை. அதற்கு ஆளுயர இரும்புச் சாவி ஒன்று உண்டு. "சாவியைக் கையைவிட்டு இறக்காதீங்க" என்று முன்னொரு காலத்தில் யாரோ ஓர் அதிகாரி சொல்லிவிட்டார். வெள்ளைத்துரையின் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே அந்தச் சாவி நிற்கிறது. இன்னொருவர் ஃபிட்டர் பிச்சைக்கனி. எந்தக் குழாயையும் கண்மூடித் திறப்பதற்குள் கழற்றிவிடுவார். மாட்டுவதும் உண்டு, மாட்டச் சொன்னால்.

மூன்று பேரும் சோம்பேறிகள் இல்லை. சோம்பேறிகளாக இருந்திருந்தால் ஊருக்கு இவ்வளவு தொந்தரவு வந்திருக்காது. சொன்ன வேலையைச் சொன்ன நிமிடத்தில், சொன்னபடியே செய்துவிடுவார்கள். அதுதான் கஷ்டம்.

இந்தக் குணத்தால் ஊரிலிருந்த நான்கு டீக்கடைகளில் மூன்றில் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு கடைக்காரர், "சாப்பிட்டுட்டு வாரேன், கடையைப் பார்த்துக்கோங்க," என்று போனார். எதிர்த்திண்டில் உட்கார்ந்து மூவரும் கண் இமைக்காமல் கடையைப் பார்த்தார்கள். ஒரு மாடு வந்து பன் முழுவதையும் தின்று முடிக்கும்வரை பார்த்தார்கள். கடையைப் பார்க்கச் சொன்னாரே தவிர, மாட்டை விரட்டச் சொல்லவில்லை. இன்னொருவர், "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க," என்றார். அன்றிலிருந்து அவர் கடைக்குப் பின்பக்கமாக வந்தார்கள். மூன்றாவது கடைக்காரர் காரணம் சொல்ல மறுக்கிறார்.

மிஞ்சியது தபாலாபீஸ் முக்கிலிருந்த மரியபுஷ்பம் அக்காவின் கடை. இவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் அந்த அக்காதான். "உக்காரு. ஆறட்டும். இப்பக் குடி. கிளாஸை இந்தத் தட்டுல வை." அவ்வளவுதான். அங்கே ஒருநாளும் ஒன்றும் உடைந்ததில்லை. இஞ்சி தட்டிப் போட்ட டீயும் நன்றாக இருக்கும்.

ஒருநாள் காலையில் அந்த அக்கா ஒரு செம்பை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்கு வந்தார்.

"எய்யா, மூணு பேரும் இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க. கடைக் குழாய்த் தண்ணி."

இசக்கியப்பன் முகர்ந்தார். "சாக்கடை வாடை அடிக்கு."

வெள்ளைத்துரை முகர்ந்தார். "ஆமா அண்ணாச்சி. நல்லாவே அடிக்கு."

பிச்சைக்கனி கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தார். "தபாலாபீஸ் முக்குச் சாக்கடைதான். பஸ் ஸ்டாண்டுச் சாக்கடைன்னா கொஞ்சம் காரமா இருக்கும்."

"அப்பாடா!" என்றார் இசக்கியப்பன். "நம்ம தெருச் சாக்கடைதான். நான்கூட வெளியூர்ச் சாக்கடை எதுவும் வந்துட்டோன்னு பயந்துட்டேன்."

"எந்தச் சாக்கடைன்னா கேட்டேன்?" அக்காவுக்குக் கோபத்தில் மூக்குத்தி ஆடியது. "எதுத்த கடைக்காரன் கேன் தண்ணியில டீ போடுதான்னு என் ஆளுக எல்லாம் அங்க போயாச்சு. கேன் வாங்கி எனக்குக் கட்டுமா? பாய்லர் சும்மா கொதிக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல மாதாகோயில் கொடியேத்தம். ஊரே டீ குடிக்க வரும். அன்னைக்கும் ஈ ஓட்டினேன்னா, மாதா மேல சத்தியமா, பாய்லரை வித்துட்டுக் கோவில்பட்டிக்கு மக வீட்டோட போயிருவேன்."

அக்கா போனபின் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி," என்றார் வெள்ளைத்துரை, "அக்கா போயிட்டா நாம டீக்கு எங்க போறது?"

"கோவில்பட்டிக்கு," என்றார் பிச்சைக்கனி.

"பஸ்ல போய் டீ குடிச்சுட்டு வந்தா, வந்து இறங்கையில அடுத்த டீ நேரம் ஆயிரும்வே. அப்புறம் தண்ணி திறக்கது யாரு?" என்றார் இசக்கியப்பன். காரியம் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது. நேராக உதவிப் பொறியாளர் தமயந்தியிடம் போய்ச் சொன்னார்கள்.

தமயந்தி மேடம் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. வரும்போது தலை முழுக்கக் கறுப்பாக இருந்தது. இப்போது இல்லை. அவர் ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கவனமாக் கேளுங்க. இது கிருமி இல்லாம சுத்தம் பண்ணின பாட்டில். உள்ளே விரல் படக்கூடாது. முதல்ல குழாயோட வாயைத் தீயில வாட்டணும், அதுல ஒட்டியிருக்கிற கிருமி சாகறதுக்கு. அப்புறம் கொஞ்ச நேரம் தண்ணியைத் திறந்து விடணும். அப்புறம்தான் பிடிக்கணும். பிடிச்சு, ஐஸ் பெட்டியில வச்சு, குலுக்காம டவுன்ல இருக்கிற லேபுக்குக் கொண்டு போங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள போய்ச் சேரணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்," என்றார்கள் மூவரும் ஒரே குரலில். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அக்கா கடைக் குழாய் பிளாஸ்டிக் குழாய். பிச்சைக்கனி பந்தத்தைக் கொளுத்திக் காட்டியதும் அது முதலில் வெட்கப்பட்டதுபோலத் தலையைக் குனிந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக அழுதது.

"கிருமி செத்திருக்குமாவே?" என்றார் இசக்கியப்பன்.

"குழாயே செத்துட்டு அண்ணாச்சி."

ஸ்டோரிலிருந்து ஒரு பித்தளைக் குழாயைக் கொண்டுவந்து பிச்சைக்கனி மாட்டினார். அதையும் வாட்டினார்கள். பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைத்துரை தண்ணீரைத் திறந்து விட்டார். பாட்டிலை நிரப்பினார்கள். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கிப் பெட்டியில் போட்டு, பாட்டிலை அதற்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். திறந்துவிட்ட குழாயை மூடவேண்டும் என்று யாரும் சொல்லாததால், தபாலாபீஸில் அன்று பிற்பகல் ஸ்டாம்ப்புகளை வெயிலில் காயப்போட்டார்கள்.

பஸ்ஸில் ஏறியதும் இசக்கியப்பன் கண்டக்டரிடம் கேட்டார்: "தம்பி, வண்டி குலுங்குமா?"

"பஸ்னா குலுங்கத்தான் செய்யும்."

"குலுங்கக்கூடாதே. இதுல தண்ணி இருக்கு."

"அப்ப இறங்கி நடங்க!" என்றார் கண்டக்டர்.

நல்ல யோசனையாகப் பட்டது. இறங்கி நடந்தார்கள். முன்னால் இசக்கியப்பன், நடுவில் இரண்டு கையாலும் பெட்டியை ஏந்திக்கொண்டு பிச்சைக்கனி, பின்னால் தோளில் சாவியுடன் வெள்ளைத்துரை, அவருக்கும் பின்னால் மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பூனைகள். பஸ்ஸில் முக்கால் மணி நேரப் பாதை. அவர்கள் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதன் அதிகாரி ஷாஜிதா கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பப் பிடிச்ச தண்ணி இது?"

"காலையில மேடம்."

"இது செல்லாது. கிருமி அதுக்குள்ள கூடியிருக்கும், இல்ல குறைஞ்சிருக்கும். அந்தக் குழாயடியில கொட்டிட்டுப் போங்க." மூவரின் முகத்தையும் பார்த்து அவருக்குப் பரிதாபமாகிவிட்டது. கதவைத் திறந்து வேறொரு பாட்டில் எடுத்து, "மரியபுஷ்பம் டீக்கடைக் குழாய், கொக்கலாங்குளம்" என்று தாமே எழுதி அதன்மேல் ஒட்டிக் கொடுத்தார். "நாளைக்கு வாங்க. குழாயில தண்ணி பிடிக்கிறதுக்கும் அது என் கைக்கு வர்றதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் குறையுதோ, அவ்வளவு நல்லது. இது ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோங்க."

அந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டார்கள். எதற்காக என்பதை அந்த இடத்திலேயே மறந்தார்கள்.

லேப் வாசலில், நான்கு படிகளுக்குக் கீழே, அந்தக் குழாயடி இருந்தது. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நடந்து வந்தா நேரமாகுது," என்றார் இசக்கியப்பன்.

"பஸ்ஸுல வந்தா குலுங்குது," என்றார் பிச்சைக்கனி.

வெள்ளைத்துரை எதிரே சொட்டிக்கொண்டிருந்த குழாயை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, லேபுக்கு இதைவிடக் கிட்டத்துல ஒரு குழாய் இருக்க முடியுமா?"

மூவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். இருக்க முடியாதுதான்.

"ஆனா இது அக்கா குழாய் இல்லையே," என்றார் இசக்கியப்பன். மேஸ்திரி அல்லவா, நாலையும் யோசிப்பார்.

"பாட்டில்ல அக்கா பேரு எழுதியிருக்குல்லா?" என்றார் பிச்சைக்கனி. "எங்க மாமா பேரு மதுரை. அவரு மதுரையைக் கண்ணால பார்த்தது கிடையாது. மதுரைன்னு கூப்பிட்டா, 'நான் அந்த ஊர் இல்ல, வேற ஆளைப் பாரு'ன்னா சொல்லுதாரு? வாங்கன்னா வந்துருதாரு. பேரு வச்சா வச்சதுதான். நாமளா வச்சோம்? மேடமே வச்ச பேரு."

அத்துடன் ஆலோசனை முடிந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி வந்தார்கள். பாட்டில் காலியாக இருந்ததால் எவ்வளவு குலுங்கினாலும் பாதகமில்லை. டவுனிலேயே ஐஸ் வாங்கிப் பெட்டியில் போட்டு, குழாயடியில் நின்று, தீயில் வாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, விரல் படாமல் பிடித்து, நான்கு படி ஏறி உள்ளே கொடுத்தார்கள். உள்ளே வேலையாக இருந்த ஷாஜிதா பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். பெட்டியில் ஐஸ் ஒரு சொட்டுக்கூட உருகியிருக்கவில்லை.

"எத்தனை மணிக்குப் பிடிச்சீங்க?"

"இப்பத்தான் மேடம்."

ஷாஜிதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நேற்றுச் சொன்னதில் எவ்வளவு சுறுசுறுப்பு வந்துவிட்டது! "இந்த மாவட்டத்துலேயே உங்களை மாதிரி யாரும் இவ்வளவு சரியாக் கொண்டு வந்ததில்லை. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க. லேப் தண்ணி, சுத்தமா இருக்கும்."

மூவரும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் டீ மட்டும்தான் குடிப்பார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தமயந்திக்குப் போன் வந்தது. தண்ணீர் குடிக்கக் கொஞ்சமும் உகந்ததில்லை, முழுக்கச் சாக்கடைக் கிருமி. உடனே அக்கா கடைக் குழாய்க்கு மேலே பேரூராட்சிப் போர்டு ஒன்று தொங்கியது: "இந்தக் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம்." லேபில் பாஸாகாமல் அந்தப் போர்டைக் கழற்ற முடியாது. மிச்சமிருந்த ஒன்றிரண்டு வாடிக்கைக்காரர்களும் போர்டைப் படித்துவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தார்கள். மரியபுஷ்பம் அக்கா பாய்லரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்கப்போகிறவர்கள்தான் அப்படித் துடைப்பார்கள்.

தமயந்தி மூவரையும் அழைத்துக்கொண்டு தபாலாபீஸ் முக்குக்கு வந்தார். வெயிலில் குடை பிடித்து நின்றுகொண்டு வேலை சொன்னார். ஒரு வருட அனுபவம் வீண்போகுமா?

"இங்க தோண்டுங்க. மண்ணை வெளியே எடுத்துப் போடுங்க. இந்தக் குழியிலேயே திரும்பப் போடாதீங்க. அங்கேயும் இல்ல, அது அந்த ஐயாவோட ஸ்கூட்டர். ரோட்டோரமா. குழாய் தெரிஞ்சதும் நிறுத்துங்க. நான் நிறுத்தச் சொன்னது தோண்டுறதை. மூச்சை இல்ல, பிச்சைக்கனி, மூச்சு விடுங்க."

குழாய் தெரிந்தது. சாக்கடைக்கு நடுவே போகிற குழாய். அதில் ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. தண்ணீர் வருகிற நேரத்தில் அதன் வழியே நல்ல தண்ணீர் சாக்கடைக்குள் போகும். தண்ணீர் நின்றதும் சாக்கடை குழாய்க்குள் வரும்.

"பார்த்தீங்களா," என்றார் வெள்ளைத்துரை, "எவ்வளவு மரியாதை! இது போனபிறகுதான் அது வருது."

அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, சாக்கடைக்கு மேலே உயர்த்திப் புதுக் குழாய் போட்டார்கள். தண்ணீர் கண்ணாடிபோல வந்தது. வாடை துளியும் இல்லை. தமயந்தி ஒரு வாய் குடித்தும் பார்த்தார்.

"இனிமே கவலை இல்ல," என்றார் அக்காவிடம். மூவரிடமும் திரும்பி, "போன தடவை தண்ணி எடுத்தீங்களே, அதே குழாய்ல, அதே மாதிரி எடுத்துக்கிட்டுப் போங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க. லேபே உங்களைப் பாராட்டியிருக்கு," என்றார்.

ஒன்றையும் மாற்றாமல் பஸ் ஏறினார்கள்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. போன தடவையைவிட மோசம்.

மறுபடி தோண்டினார்கள். முக்கிலிருந்து தொட்டிவரை தோண்டினார்கள். ஓட்டை எங்கும் இல்லை. தொட்டிக்குள் குளோரின் சரியாக இருந்தது. தொட்டியைக் கழுவினார்கள். "கழுவினது இன்னைக்கு. ஆனா நேத்துன்னு எழுதியிருக்கு. இப்ப என்ன செய்ய?" என்று இசக்கியப்பன் கவலைப்பட்டதைக் கேட்க யாருக்கும் தெம்பில்லை.

கொடியேற்றம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்று வியாழன். காயலாங்கடைக்காரர் ஒருவர் வந்து பாய்லரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"கிளம்புங்க," என்றார் தமயந்தி. "நீங்க எப்படித் தண்ணி எடுக்கிறீங்கன்னு நானே கூட வந்து பார்க்கப்போறேன்."

மூவரும் பெட்டியுடன் ஜீப்பில் ஏறினார்கள். பாதி வழியில்தான் தமயந்தி பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"பாட்டில் காலியா இருக்கே?"

"அங்க போய்த்தான் மேடம் பிடிக்கணும்," என்றார் இசக்கியப்பன். அவர் சொன்ன நிதானத்தைப் பார்த்தால், இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்பதுபோல இருந்தது. தமயந்தி பெட்டியை மூடினார். சில விஷயங்களைக் கண்ணால் பார்ப்பதுதான் நல்லது.

பார்த்தார். பிச்சைக்கனி லேப் குழாயைத் தீயில் வாட்டினார். வெள்ளைத்துரை தண்ணீரைத் திறந்துவிட்டார். இசக்கியப்பன் பயபக்தியுடன் பாட்டிலை நீட்டினார். தமயந்தி கடைசிப் படியில் மெல்ல உட்கார்ந்தார்.

அந்த நேரம் ஷாஜிதா ஒரு டம்ளருடன் வெளியே வந்தார். "அடடே, கொக்கலாங்குளமா? வாங்க வாங்க!" என்றபடி, அதே குழாயில் தண்ணீர் பிடித்து வாயருகே கொண்டுபோனார்.

"ஷாஜிதா மேடம்," என்றார் தமயந்தி, "அந்த டம்ளரைக் கீழ வச்சுட்டு ஒரு விஷயம் கேளுங்க. ரெண்டு தடவை ஃபெயில் பண்ணினீங்களே, அது இந்தத் தண்ணிதான்."

ஷாஜிதா டம்ளரைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அல்லாவே! ஒரு மாசமா எனக்கு வயித்துக்கு ஆகலை. வீட்டுத் தண்ணிதான் சேரலைன்னு நினைச்சு, தினம் ரெண்டு பாட்டில் இங்கேயிருந்து வீட்டுக்குப் பிடிச்சுட்டுப் போறேன்!"

"ஏன்?" என்று தமயந்தி இசக்கியப்பனிடம் கேட்டார். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"நேரம் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லதுன்னு சொன்னாங்க மேடம். இதைவிடக் குறைக்கணும்னா நாங்க லேபுக்குள்ளதான் ஊத்துத் தோண்டணும்."

தமயந்தி மூவரையும் படியிலேயே உட்காரவைத்துவிட்டு, தாமே ஜீப்பில் கொக்கலாங்குளத்துக்குத் திரும்பினார். தாமே அக்கா கடைக் குழாயை வாட்டித் தண்ணீர் பிடித்து, தாமே கொண்டுவந்து கொடுத்தார். சனிக்கிழமை காலையில் போன் வந்தது. தண்ணீர் பாஸ். முதல் தரம்.

போர்டைத் தமயந்தி தம் கையாலேயே கழற்றினார். மரியபுஷ்பம் அக்கா சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார். பாய்லரை வாங்க மறுபடி வந்த காயலாங்கடைக்காரரைக் கரண்டியைக் காட்டி விரட்டினார்.

"பாவம் ஷாஜிதா மேடம்தான்," என்றார் தமயந்தி டீயைக் குடித்துக்கொண்டே. "அவங்க குழாயைச் சரிபண்ண வேற டிபார்ட்மெண்டுக்கு எழுதிப் போட்டிருக்காங்க. எப்ப வருவாங்களோ. நம்ம குழாய் பாஸாயிட்டுது. அந்தக் குழாய்க்கும் ஒரு நல்ல வழி பிறந்தாச் சரி."

இதை மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமயந்திதான் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மாதாகோயிலில் வெடி போட்டுக் கொடி ஏறியது. கூட்டம் அப்படியே தபாலாபீஸ் முக்குக்குத் திரும்பியது. கடை கொள்ளவில்லை. எதிர்க்கடைக்காரரே கூச்சப்பட்டுக்கொண்டு வந்து ஒரு டீ வாங்கிக் குடித்தார். இஞ்சி வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று. தமயந்தியும் வந்திருந்தார். மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆறட்டும் என்று அக்கா சொன்ன டீ ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது தமயந்தியின் போன் அடித்தது. ஷாஜிதா. கிருமிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்பதால் அவருக்கும் கிடையாது. சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் தமயந்தி ஸ்பீக்கரைப் போட்டார்.

"மேடம், எங்க வாசல் குழாயைக் காணோம்! நேத்து மத்தியானம் இருந்துச்சு. இப்ப அந்த இடத்துல வேற ஏதோ புதுப் பித்தளைக் குழாய் இருக்கு!"

தமயந்தி மெதுவாகத் திரும்பி அக்கா கடைக் குழாயைப் பார்த்தார். அதன் தலையில் பச்சைப் பெயிண்டில் 'லேப்' என்று எழுதியிருந்தது.

இசக்கியப்பன் எழுந்து நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. "நீங்கதானே மேடம் நல்ல வழி பிறக்கணும்னு சொன்னீங்க? அக்கா சாயந்தரப் பூசைக்குப் போன நேரம் பார்த்துக் காரியத்தை முடிச்சுட்டோம். நம்மது பாஸான குழாய்லா? அதைக் கொண்டுபோய் அங்க மாட்டிட்டோம். அது அந்த இடத்தைத் திருத்திரும். ஃபெயிலான குழாயை இங்க கொண்டாந்துட்டோம். நல்ல தண்ணியோட சேர்ந்து அதுவும் திருந்தட்டும்னு."

எல்லாரும் அவரவர் கிளாஸைப் பார்த்தார்கள்.

"அட மாதாவே," என்றார் மரியபுஷ்பம் அக்கா. "அப்ப காலையில இருந்து இந்த ஃபெயிலான குழாயிலயா தண்ணி பிடிச்சேன்?"

"அதெல்லாம் திருந்திட்டுக்கா. டீ நல்லாத்தானே இருக்கு?"

எதிர்க்கடைக்காரர் இன்னொரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார். கூட்டம் நிம்மதியாக மூச்சுவிட்டது. இன்னும் நாலைந்து டீ என்று குரல்கள் வந்தன.

"பார்த்தியளா?" என்றார் இசக்கியப்பன். "குழாய் மேல ஒரு தப்பும் இல்ல. சேர்க்கைதான் சரியில்லாம இருந்திருக்கு."

"மேடம், கேக்குதா?" போனிலிருந்து ஷாஜிதாவின் குரல் வந்தது. "இப்ப மாட்டியிருக்கிற இந்தப் புதுக் குழாயிலயும் தண்ணி நாறத்தான் செய்யுது!"

மூன்று முகங்களும் அப்படியே வாடிப்போயின. பிச்சைக்கனி டீக்கிளாஸைத் தட்டில் வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"நம்ம ஊர்ல இருந்த வரைக்கும் தங்கமாட்டம் இருந்துச்சே அண்ணாச்சி. டவுனுக்குப் போய் முழுசா ஒருநாள் ஆகலை. அதுக்குள்ள கெட்டுப்போச்சே!"

வெள்ளைத்துரை சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அப்பவே சொன்னேன், சின்னக் குழாயைத் தனியா அனுப்ப வேண்டாம்னு. யாரு கேட்டீங்க?"